ஏழாம் மாடி அறை

பிரேசிலின் தலைநகர் பிரசிலியாவில் குடியிருப்புக் கட்டடங்களுக்குச் சட்டப்படி ஆறு மாடிதான். மூன்றாம் முறையாக அரசுத் தேர்வு எழுத வந்த எனக்கு ஏழாம் மாடியில் அறை கிடைத்தது.

"லிஃப்டுல ஏழை அழுத்தும்மா," என்று வீட்டுக்கார டோனா ஜுரேமா சாவி கொடுத்தாள். அழுத்தினேன். ஏறியது.

அடையாள அட்டையை ஊரிலேயே மறந்திருந்தேன். அது இல்லாமல் நாளை தேர்வுக்கூடத்துக்குள் விடமாட்டார்கள். இந்த முறையும் தவறவிட்டால் வீட்டில் என்னை ஒரு பொருட்டாகவே நினைக்க மாட்டார்கள். தங்கை டால்வாதான் மாலைப் பேருந்தில் அதைக் கொண்டுவந்தாள். கீழிருந்து போன் செய்தாள்.

"எந்த மாடிக்கா?"

"ஏழு. ஜன்னல்லேர்ந்து கையாட்டுறேன் பாருடி."

அவள் விரல் நீட்டி எண்ணினாள்.

"விளையாடாதக்கா. ஆறுதான் இருக்கு."

அருகில் நின்ற காவலாளியிடம் கேட்டாள். அவர் நேராக என் முகத்தைச் சுட்டிக்காட்டினார். போனில் அவர் குரல் கேட்டது.

"அங்க வெறும் வானம்தாம்மா."