‘முடியாது’க்கு அப்புறம் ஒரு பாட்டு

"ஒரு ஆம்பளை பொண்ணுங்ககிட்ட எப்படி நடந்துக்கணும்னு இந்தப் படத்தைப் பார்த்துக் கத்துக்குங்க மாப்பிள்ளை!" என்று சொல்லிவிட்டு, ரிமோட்டும் கையுமாக சோபாவின் நடுவில் சாய்ந்து உட்கார்ந்தார் டிரைவர்.

ஆயுசுக்கும் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பின்னால் வருகிறவன் ஹாரனில் கை வைக்கும் முன்பே ஒதுங்கி வழி விடுகிற மனுஷன் என்று டிப்போவில் பெயர் எடுத்தவர். அந்தக் குணம்கூட இந்தப் படத்து ஹீரோவிடம் கற்றதுதான் என்பார்.

அடுத்த மாதம் மகளுக்குக் கல்யாணம். அதற்குள் மாப்பிள்ளைக்கு இந்தப் படத்தைக் காட்டாவிட்டால் அவருக்குத் தலை வெடித்துவிடும். மகள் எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை.

"எங்க மாமனார் ஆபரேட்டரா இருந்த தியேட்டர்லதான் பார்த்தேன். அப்ப அவர் எனக்கு மாமனார் இல்லை, அது வேற கதை. இருபது தடவையாவது பார்த்திருப்பேன். ஹீரோ எப்படித் தலை சீவுவாரோ அப்படியேதான் நானும் சீவுவேன்!"

"இப்ப சீவறதுக்கு என்ன இருக்கு?" என்றாள் மனைவி. தையல்காரி. ஜன்னலோரம் உட்கார்ந்து யாருடைய பேன்ட்டுக்கோ ஹெம்மிங் செய்துகொண்டிருந்தாள். டிவி பக்கம் தலை திரும்பவே இல்லை.

டிரைவர் அதைக் காதில் வாங்கவில்லை. "இதோ, இதுதான் கட்டம்! ஹீரோ காதலைச் சொல்லுவார். அந்தப் பொண்ணு முடியாதுன்னுடும். இவர் ஒரு வார்த்தை பேச மாட்டார், நேரா பாட்டு வந்துடும். அந்த மரியாதைக்குத்தான் அவளுக்கு மனசே மாறும்."

"ஓஹோ" என்றான் மாப்பிள்ளை, பவ்யமாக.

"நானும் அப்படித்தான். உங்க அத்தைகிட்டப் போய்ச் சொன்னேன். எடுத்த எடுப்பிலேயே முடியாதுன்னுட்டா. வாயைத் திறக்காம திரும்பி வந்துட்டேன். கொஞ்ச நாள்ல அவளே வந்து சரின்னா!"

திரையில் கதாநாயகி "முடியாது!" என்று சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறினாள்.

"சத்தத்தைக் கொஞ்சம் கொறைங்க" என்றாள் மனைவி, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"சும்மா இரு, முக்கியமான இடம்."

பளார்!

கதாநாயகி சைக்கிளோடு கீழே விழுந்தாள். ஹீரோ சக்கரத்தின் மேல் காலை வைத்துக்கொண்டு, பொம்பளை என்றால் எப்படி அடங்கி இருக்க வேண்டும் என்று மூச்சு விடாமல் பேசினார். அவளோ கன்னத்தைத் தடவிக்கொண்டு வெட்கப்பட்டாள். அதற்கு அப்புறம்தான் பாட்டு வந்தது.

மாப்பிள்ளைக்கு இருமல் வந்தது. "அப்பா! இதையா கத்துக்கச் சொன்னீங்க?" என்று மகள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

டிரைவருக்குப் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. படத்தைப் பின்னால் ஓட்டி மறுபடியும் போட்டார். பாவம், அந்தப் பெண்ணுக்கு இரண்டாவது தடவை அறை விழுந்ததுதான் மிச்சம்.

"இப்படி ஒரு காட்சியே கிடையாது! டிவிக்காரன் எங்கேயிருந்தோ கொண்டுவந்து சொருகியிருக்கான்!"

"அப்பா, செத்துப்போன ஹீரோவை எழுப்பிக் கூட்டிட்டு வந்தா புதுசா எடுத்தாங்க?"

"பரவாயில்லை மாமா" என்றான் மாப்பிள்ளை மெதுவாக. "அந்த வயசுல இதெல்லாம் யாருக்கும் தப்பாத் தெரியாது. மனசு பிடிச்சதை மட்டும் வச்சுக்கிட்டு மத்ததை மறந்துடும்."

அந்தப் ‘பரவாயில்லை’தான் அவரைக் கொன்றது. நாளைக்கு வீட்டுக்கு மருமகனாக வரப்போகிறவன், மாமனார் அறையப் பழகிய ஆள் என்றல்லவா நினைப்பான்?

"சத்தியமா சொல்றேன், நான் இதைப் பார்க்கலை! உங்க அத்தைமேல ஒரு தடவை கை ஓங்கியிருக்கேனா, கேட்டுப் பாருங்க!" என்று பதறினார். இருபது தடவை பார்த்தும் அறை ஞாபகம் இல்லையென்றால் ஒன்று கண் கெட்டிருக்க வேண்டும், இல்லை மூளை கெட்டிருக்க வேண்டும். எதுவென்று அவருக்கே பயமாகிவிட்டது.

மகள் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பினாள். "அம்மா, அறை விழப்போகுதுன்னு உனக்கு எப்படித் தெரியும்? முன்னாடியே சத்தத்தைக் கொறைக்கச் சொன்னியே!"

அம்மா முடிச்சுப் போட்டு, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"படப்பெட்டி வந்த அன்னைக்கு எங்கப்பா ஒரு தடவை ஓட்டிப் பார்ப்பார். கூட இருந்து நானும் பார்த்தேன். அவர் சாப்பிடப் போனதும் கத்திரியை எடுத்து அந்த இடத்தை வெட்டிட்டு, முன்னையும் பின்னையும் ஒட்டி வச்சேன். கேட்டதுக்கு ரீல் அறுந்துடுச்சுன்னு சொன்னேன்."

"அடிப்பாவி!" டிரைவர் எழுந்தே விட்டார். போன உயிர் திரும்பி வந்த சந்தோஷம் ஒரு பக்கம், ஏமாந்த கோபம் ஒரு பக்கம். "ஊரே பார்க்கிற படத்துல கை வச்சிருக்கியே, எதுக்குடி?"

"அதுக்கு முந்தின படத்துல அவன் சிகரெட்டைத் தூக்கிப் போட்டு வாயால பிடிச்சான். மறுநாளே நீங்க தியேட்டர் வாசல்ல நின்னு தூக்கிப் போட்டு மூக்கைச் சுட்டுக்கிட்டீங்க. இதை அப்படியே விட்டிருந்தா என்னத்தைக் கத்துக்கிட்டிருப்பீங்க?"

"நான் எதைக் கத்துக்கிட்டா உனக்கென்ன? அப்ப நான் உன்கிட்ட ஒரு வார்த்தைகூடப் பேசினதில்லையே!"

அவள் பேன்ட்டை மடித்து வைத்துவிட்டு, முதல் தடவையாகத் தலை நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"நல்லாயிருக்கே! கட்டிக்கப்போறவ நானாச்சே?"