முயல்குடலின் ஒன்பதாவது அலை

மயிலாப்பூர், 15-9-1972

பேராசிரியர் ஐயா,

செவ்வாயன்று ஆய்வகத்தில் நான் ஜன்னலோரமும், சக மாணவன் சுயம்புலிங்கம் எனக்கெதிரேயும், வயதான அட்டெண்டர் சின்னப்பையன் கதவருகே ஸ்டூலிலும் இருந்தோம். மூளை ஏவாமலே சுருங்கும் குடல்தசை, தன்னோடு கட்டிய முள்ளால், புகைக்கரி படிந்த சுழலும் தாளில் தன் சுருக்கங்களை அலைகளாகக் கீற வேண்டும். எங்கள் முயல்குடல் அசையவே இல்லை. நீங்கள் வருமுன் குண்டூசியால் அலைகளை நானே கீறினேன். ஒன்பதாவதில் கை நடுங்கி அலை கோணிவிட்டது. நீங்களோ பாராட்டி, அந்தத் தாளைச் சுவரில் மாட்டினீர்கள்.

இன்று, இன்னும் முள்ளோடு கட்டியபடியே கிடந்த அந்தக் குடல்துண்டைக் கொட்டப் போன சின்னப்பையன் என்னைக் கூப்பிட்டார்.

"இன்னா சார், நீ கீறுன மாதிரியே செத்த குடலு கீறிக்கினு கீது?"

புதுத் தாளிலும் ஒன்பதாவது அலை கோணியிருந்தது.

வெட்கத்தில் என் வயிறு ஏவாமலே சுருங்குகிறது. எண்ணிப் பார்த்தேன்; ஒன்பதாவதில் நடுங்குகிறது.

சுவரிலிருப்பதைக் கழற்றிவிடுங்கள். உறையை ஒட்டி, தெருமுனைத் தபால் பெட்டியில் போடப் போகிறேன்.