பிள்ளைகள் உள்ளவர்களுக்கு மட்டும்

“கவர்மென்ட் பள்ளிக்கூடமா? நம்ம வம்சத்துப் புள்ளைங்க தட்டைத் தூக்கிக்கிட்டுச் சோத்துக்கு வரிசையில நிக்கறதா? இந்தப் பேச்சை இத்தோட நிறுத்திக்க, சந்திரா!”

மைசூர் ஹெப்பாள் பஸ் நிறுத்தத்தில் நின்றபடியே லிங்கப்பன் போட்ட சத்தத்தில், பக்கத்தில் நின்றவர் சற்றுத் தள்ளிப் போனார்.

சந்திரனுக்கு அங்கே ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்திருந்தது. ஜூன் பிறப்பதற்குள் வீடு பார்க்க வேண்டும். இரண்டு பிள்ளைகளையும் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும். மைசூரில் மகன் வீடு பிடிப்பதென்றால் சொந்த ஊர் ராமாபுரத்திலிருந்து அப்பா வராமல் எப்படி? வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, எவருக்கும் வளையாத முதுகு என்று காலை பஸ்ஸிலேயே வந்து இறங்கிவிட்டார்.

“பிரைவேட் ஸ்கூல் பக்கம் வீடு எடுத்தா வாடகையும் ஃபீஸுமே சம்பளத்தை முழுங்கிடும்ப்பா. இப்ப கவர்மென்ட் ஸ்கூல்லயும் இங்கிலீஷ்லயே சொல்லித் தர்றாங்க...”

“மாரியம்மன் நோம்பியன்னிக்கு ஊர் முன்னாடி சொல்லிட்டு வந்திருக்கறேன், என் பேரப்புள்ளைங்க டை கட்டிக்கிட்டுப் பெரிய ஸ்கூலுக்குத்தான் போகும்னு. பங்காளி கணேசன் பாத்துச் சிரிக்கறதுக்கா நான் மீசை வெச்சிருக்கறேன்?”

மருமகள் ரூபா மெல்லக் குறுக்கிட்டாள். “மாமா, வெயில் ஏறுதுங்க. இந்த ஒரு வீட்டை மட்டும் பாத்துடலாமுங்க. எதிர்லயே பெரிய ஸ்கூல் இருக்குது.”

லிங்கப்பனின் முகம் கொஞ்சம் தெளிந்தது. ஆனாலும் உள்ளுக்குள் ஒரு பயம். காலையிலிருந்து பார்த்த வீடுகளில் எல்லாம் ‘பசங்க இருக்காங்களா?’ என்பதுதான் முதல் கேள்வி. ஆமாம் என்றதும் கதவு பாதி சாத்திக்கொள்ளும். சுவரில் கிறுக்குவார்களாம், தலைக்கு மேல் குதிப்பார்களாம். பெற்றுப் பெருகியதைக் குற்றம் என்று சொல்கிற ஊரை அவர் இப்போதுதான் பார்க்கிறார்.

ரூபா சொன்னது சரிதான். வீட்டுக்கு எதிரே கண்ணாடி பதித்த நாலு மாடிப் பள்ளிக்கூடம். வாசலில் மஞ்சள் பஸ்கள். லிங்கப்பனின் கை தானாகவே மீசைக்குப் போயிற்று.

“பன்னி, பன்னி! உள்ள வாங்க!” என்று கன்னடமும் தமிழும் கலந்து வரவேற்றார் வீட்டுக்காரர் நஞ்சுண்டசாமி. மாடி போர்ஷன் காலியாக இருந்தது. ஆனால் அவர் மாடிப்படிப் பக்கமே திரும்பவில்லை. “பசங்க ரெண்டு பேர்தானா? இன்னும் இருக்காங்களா?”

“ரெண்டுதானுங்க” என்றார் லிங்கப்பன், எழுந்து கிளம்பத் தயாராக.

“ஓ... ரெண்டேதானா?” நஞ்சுண்டசாமியின் முகம் தொங்கிப் போயிற்று.

இப்படி ஒரு அவமானத்தை லிங்கப்பன் எதிர்பார்க்கவில்லை. “ஏனுங்க அப்படிக் கேட்டுப்புட்டீங்க? எங்களுது பெரிய குடும்பமுங்க! என் மக காவேரியோட பசங்க ரெண்டும் இங்க வந்துதான் படிக்கப் போகுதுங்க.”

“காவேரி எப்பப்பா அப்படி...” என்று ஆரம்பித்தான் சந்திரன்.

“நீ சும்மா இருடா.”

“அப்போ நாலு!” நஞ்சுண்டசாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். “அட்வான்ஸ்ல பாதி குடுத்தாப் போதும் யஜமான்ரே.”

“சின்னவன் மதனோட பொண்ணையும் கூட்டியாந்துருவோம்.”

“அஞ்சு! வாடகையைக் குறைச்சுக்கலாம். தண்ணி பில் என்னோடது. கௌரம்மா, இவங்களுக்குக் காபி கொண்டா!” என்று உள்ளே இருந்த மனைவிக்குக் குரல் கொடுத்தார்.

“குடும்பத்தோட அருமை தெரிஞ்ச மனுசன்டா” என்று மகனின் காதில் சொன்னார் லிங்கப்பன். பங்காளி வீட்டுப் பிள்ளைகளையும் கணக்கில் சேர்த்துவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. கணேசனின் முகம் நினைவுக்கு வந்ததால் விட்டுவிட்டார்.

“பசங்களை எந்த ஸ்கூல்ல சேர்க்கப் போறீங்க?”

“பெரிய ஸ்கூல்லதானுங்க. ஆனா என்னமோ இன்டர்வியூங்கறாங்க, டொனேஷனுங்கறாங்க. பெத்தவங்களையே உக்கார வெச்சுக் கேள்வி கேப்பாங்களாமுங்க.” அவர் குரல் முதல் முறையாகக் கொஞ்சம் இறங்கியது.

“அந்தச் சிந்தனையே உங்களுக்கு வேண்டாம். நானே ஹெட்மாஸ்டர்தான்! நம்ம ஸ்கூல் இங்கிருந்து கூப்பிடு தூரம். இன்டர்வியூ இல்லை, டொனேஷன் இல்லை. அஞ்சு பசங்களுக்கும் இன்னிக்கே சீட்டு.”

லிங்கப்பன் ஜன்னல் வழியாக எதிர்க் கட்டடத்தைப் பார்த்தார். டை கட்டிய ஐந்து பிள்ளைகள் மஞ்சள் பஸ்ஸிலிருந்து இறங்குவதும், அதைப் பார்த்துக் கணேசன் தலையைத் தொங்கப் போடுவதும் அவர் கண்ணுக்குத் தெரிந்தன.

“ஆனா ஒண்ணு. நாளைக்கே மனசு மாறி வேற ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போகக் கூடாது” என்ற நஞ்சுண்டசாமி, கௌரம்மா காபியோடு கொண்டுவந்து வைத்த வெற்றிலைத் தட்டை முன்னால் நகர்த்தினார்.

லிங்கப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். இரண்டு கைகளாலும் தட்டை வாங்கினார். “மாரியம்மன் மேல ஆணையுங்க. அஞ்சு பேரும் உங்க பள்ளிக்கூடந்தான். வெத்தலை மாத்துன பேச்சை மீறுனவன் எங்க வம்சத்துலயே கெடையாது!”

சந்திரன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். ரூபாவின் முழங்கை அவன் விலாவில் இடித்தது.

நஞ்சுண்டசாமிக்குக் கண்ணே கலங்கிவிட்டது. “கேட்டியா கௌரம்மா? பசங்க இல்லைன்னு சொல்லி நம்ம கவர்மென்ட் ஸ்கூலை இந்த வருஷம் மூட முடியாது!” என்றவர், ரூபாவின் பக்கம் திரும்பிக் கை கூப்பினார். “வெத்தலை மாத்தி வாக்கு வாங்கிடுங்க, அப்புறம் மாமா மாறவே மாட்டாருன்னு போன வாரம் நீங்க வந்து சொன்னப்போ ரெண்டு பசங்கதான் கிடைக்கும்னு நினைச்சேம்மா. அஞ்சாக்கிக் குடுத்துட்டாரே!”