அலாஸ்காவுக்கு ஒரு ஆள்

"நான் சொல்றத ஒரு தடவ காது குடுத்துக் கேளுங்க," என்றாள் கிருஷ்ணம்மா.

"அழுது காரியத்தக் கெடுக்காத புள்ள," என்றான் அவள் புருஷன் தங்கராஜு. உச்சி வெயிலில், தோட்டக் கூலிகள் குடியிருக்கும் லயத்து வாசலில், கழுத்துவரை கம்பளியைப் போர்த்திக்கொண்டு வேர்த்து வடிய நின்றிருந்தான். பனி தேசத்துக்கு உடம்பு இப்போதே பழக வேண்டுமாம்.

தம்போய் என்ற ஊருக்கு அப்பால் இருந்த அந்த ரப்பர் தோட்டத்துத் துரைக்கு அலாஸ்காவில் ஓர் அண்ணன். சுற்றிலும் காடும் பனியுமாகக் கிடக்கும் ஃபேர்பேங்க்ஸ் என்ற ஊரில் தங்கம் தோண்டுகிறார். துரை ஒரு வருடம் லீவு போட்டுவிட்டுக் குடும்பத்தோடு அங்கே போகிறார். சிங்கப்பூரில் கப்பல், ஜப்பானில் இன்னொரு கப்பல், அதற்கப்புறம் ரயில்.

போன வாரம் துரை தங்கராஜுவை ஆபீசுக்குக் கூப்பிட்டு அனுப்பினார். "ஒன் வீட்டுலேர்ந்து ஒரு ஆளு எங்ககூட வரணும். ஒனக்குச் சம்மதமா?" என்று தோட்டத் தமிழில் கேட்டார்.

தங்கராஜுவுக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை வருடமாகப் போ, வா, வெட்டு என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லாத துரை தன்னிடம் சம்மதம் கேட்கிறார். "சம்மதம் தொரை," என்று கும்பிட்டுவிட்டு ஓட்டமாக ஓடிவந்து லயம் முழுக்கச் சொல்லிவிட்டான்.

அன்றிலிருந்து அவன் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. பிறந்ததும் இதே தோட்டம், வளர்ந்ததும் இதே தோட்டம். பால் மரத்தைத் தவிர வேறெதையும் பார்க்காமலே செத்துப்போவோமோ என்ற பயம் அவனுக்கு ரொம்ப நாளாக உண்டு. இந்த வாய்ப்பும் கைநழுவினால் அவனால் தாங்க முடியாது.

"பொதங்கெழம கெளம்புறாங்களாம். பொதன் வடக்கே சூலமாச்சே," என்று அதற்கும் கவலைப்பட்டான்.

"மொதல்ல சிங்கப்பூருதான போகணும். அது தெக்கால இருக்கு," என்றாள் கிருஷ்ணம்மா.

"ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

"தொரசானி ஒலகப் படத்துல காட்டுனாங்க."

தங்கராஜுவுக்குச் சுருக்கென்றது. கிருஷ்ணம்மா பங்களாவில் வீட்டுவேலை பார்க்கிறவள். கொஞ்ச நாளாகவே நேரம் கழித்துத்தான் வீடு திரும்பினாள். கேட்டால் துரை வீட்டுப் பாப்பா விடவில்லை என்பாள். இவளுக்கும் துரைசானிக்கும் அப்படி என்ன பேச்சு?

அடுத்த வீட்டு அங்கம்மா அந்த நெருப்பை நன்றாக ஊதிவிட்டாள். "பொம்பள மனசு கேக்குமாய்யா? ஒன்னயப் பிரிஞ்சி இருக்க முடியாதுன்னு தொரசானி கால்ல வுழுந்துருப்பா. சாக்கிரதயா இருந்துக்கோ."

வீட்டுக்கு வந்தால் கிருஷ்ணம்மா அடுப்படியில் அரிசியும் பானையுமாகக் காத்திருந்தாள். "இன்னிக்கி ஒல நீங்க வைங்க. ஒரு வருசம் நீங்களே பொங்கித் திங்கணும்ல."

"அதுவும் சரிதான். அந்தக் குளுருல எனக்கு யாரு பொங்கிப் போடுவா?" என்று அவன் உற்சாகமாகக் கம்பளியைக் கழற்றி வைத்தான். சோறு குழைந்துபோனது. கிருஷ்ணம்மா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்பவாவது கேளுங்க. தொரசானி என்ன சொன்னாங்கன்னா…"

"தொரசானி பேச்ச எடுக்காத. என்னயப் போகவுடாம பண்ணலாம்னு பாக்குறியா?"

அவள் எழுந்து பானையைக் கழுவப் போய்விட்டாள். அதுவே அவனுக்கு இன்னும் கிலியாக இருந்தது. கையைக் கழுவியும் கழுவாமலும் நேரே ஆபீசுக்கு நடந்தான்.

"தொரை, யாரு வந்து என்ன சொன்னாலும் நீங்க மனசு மாறக்கூடாது," என்றான்.

துரை அவனை ஆச்சரியமாகப் பார்த்தார். "எனக்கும் அதே பயம் இருக்கு தங்கராஜு. நீ மாறிடுவியோன்னு."

"நான் மாறுவனா தொரை? குடுத்த வார்த்த குடுத்ததுதான்."

"நல்ல மனுசன்," என்று துரை எழுந்து வந்து அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். தோட்டத்தில் எந்தக் கூலிக்கும் கிடைக்காத மரியாதை அது. அன்றைக்குத்தான் தங்கராஜு நிம்மதியாகத் தூங்கினான்.

புதன்கிழமை காலையில் லயமே பங்களா வாசலில் கூடிவிட்டது. துரையின் கார் முன்னால் நின்றது. பின்னால் நின்ற லாரியில் பெட்டிகளுக்கு நடுவே தங்கராஜு முதல் ஆளாக ஏறி உட்கார்ந்துவிட்டான். அங்கம்மா போட்ட செம்பருத்தி மாலை அவன் கழுத்தில் கிடந்தது.

அவன் கண் கிருஷ்ணம்மாவைத் தேடியது. விடிவதற்கு முன்பே பங்களாவுக்குப் போனவளைக் காணோம். கடைசி நேரத்தில் வந்து ஊரைக் கூட்டி அழுதுவிடுவாளோ என்று எட்டி எட்டிப் பார்த்தான்.

கிருஷ்ணம்மா பங்களாவிலிருந்து வெளியே வந்தாள். இடுப்பில் துரையின் குழந்தை, கையில் தகரப்பெட்டி. கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. நேரே லாரியிடம் வந்து பெட்டியை ஏற்றி வைத்தாள்.

தங்கராஜுதான் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பாவம், மனதைக் கல்லாக்கிக்கொண்டு வழியனுப்ப வந்திருக்கிறாள். இத்தனை நாள் அவளைச் சந்தேகப்பட்டதற்கு வெட்கமாக இருந்தது.

குனிந்து அவள் தோளைத் தொட்டான். "மனசத் தேத்திக்க புள்ள. ஒரு வருசந்தானே. கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள ஓடிரும்."

கிருஷ்ணம்மா குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டாள்.

"எறங்குங்க. போறது நான்."