குச்சி விழும் இடம்

இப்போதெல்லாம் புதுப் பாட்டு ஒவ்வொருவர் காதில் மாட்டிய கருவியிலும் அவரவர் ரசனைக்கேற்ப தானாக மாறித்தான் ஒலிக்கும். கணவனும் மனைவியும்கூட ஒரே பாட்டுக்குச் சேர்ந்து ஆட முடியாது.

பெரம்பூரில் ஃபங்க் இசைக்குழு நடத்தும் ஜெசிந்தாவுக்கு இது பொறுக்கவில்லை. தன் புதுப் பாட்டை யாருக்காகவும் மாறாதபடி பூட்டிவிட்டாள்.

"அப்ப ரெக்கார்டிங் நடுவுல நான் குச்சிய கீழ போட்டேனே, அது?" டிரம்ஸ் வாசிக்கும் எட்வின் பதறினான்.

"அதுவும் இருக்கும். தாளத்துல ஒரு அடி காலி. அடுத்த அடியில என் பேஸ் கிட்டார் வந்து விழுதுல்ல? பேசாம வாடா."

சனிக்கிழமை மாலை ரயில்வே மைதானத்தில் ஒரே ஒரு ஸ்பீக்கரில் பாட்டை வெளியிட்டார்கள். வந்திருந்த முந்நூறு பேரும் பக்கத்தில் நிற்பவர் காலைப் பார்த்துப் பார்த்துத் தயக்கத்தோடு ஆடினார்கள். நடுவில் குச்சி விழும் சத்தம் கேட்டது. எல்லோரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள்.

"இன்னொரு தபா போடுக்கா!" கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

இரண்டாம் முறை குச்சி விழுந்ததும், அந்தக் காலி அடியில் முந்நூறு பேரும் சேர்ந்து ஒரே தட்டாகக் கைதட்டினார்கள். மைதானமே அதிர்ந்தது.

எட்வின் ஜெசிந்தாவின் காதருகே குனிந்தான்.

"அடுத்த பாட்டுல குச்சிய எந்த இடத்துலக்கா போடணும்?"