உப்பில்லாத சாம்பார்

மண்டப வாசலிலேயே எல்லாருக்கும் கீட்டோன் பானம் கொடுத்துவிட்டார்கள். குடித்தால் பசி அடங்கும், கோபம் வராது. அதனால் சமையல்காரர் மாசிலாமணி சாம்பாரில் உப்புப் போட மறந்ததை முதல் பந்தியில் யாரும் சொல்லவில்லை.

இரண்டாம் பந்தியில், பஸ் தாமதமாகி, வாசலில் பானம் வாங்காமல் நேரே சாப்பிட வந்த மாப்பிள்ளையின் தாய்மாமன் இலையைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

“உப்பும் இல்ல, ஒறப்பும் இல்ல! எவன்யா சமையல்காரன்?”

இந்தப் பானம் வந்த ஆறு வருஷமாக மாசிலாமணியை யாரும் திட்டியதில்லை. அவருக்குக் கண் கலங்கியது.

“மன்னிச்சுக்குங்கய்யா, இப்பவே சரி பண்ணிடறேன்.”

உப்புக் கிண்ணத்தோடு அவர் ஓடி வருவதற்குள் பெண்வீட்டார் மாமனுக்குப் பானம் கொடுத்திருந்தார்கள். அவர் அமைதியாக உட்கார்ந்து சாம்பாரைப் பிசைந்துகொண்டிருந்தார்.

“பிரமாதம்யா,” என்றவர், மாசிலாமணியின் கண்களைப் பார்த்துவிட்டு பானம் மிச்சமிருந்த பாட்டிலை நீட்டினார். “நீயும் ஒரு வாய் குடிச்சுக்க.”