கிழக்குக் கோடு

சங்கையாவைக் கண்டாலே முருகம்மாளுக்கு ஆகாது.

சிவகாசி எல்லையில் இருந்த அந்தக் கால்பந்து மைதானத்துக்கு ஆறு வருசமாகக் கோடு போடுகிறவர் அவர்தான். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் என்றால் மத்தியானமே சுண்ணாம்புத் தகரத்தோடு வந்துவிடுவார். கிழக்கோரத்தில் அவள் விரித்திருக்கும் பாய்களுக்கு முன்னால் நின்று, உதடு அசைய எதையோ எண்ணுவார். ஒரு வார்த்தை பேச மாட்டார். எண்ணி முடித்ததும் குனிந்து கோடு போட்டுக்கொண்டே போய்விடுவார்.

“அவுக இடத்துல எம்புட்டுத் தூரம் வந்துட்டேன்னு கணக்கு எடுக்காரு,” என்பாள் முருகம்மாள், கூடவே வேலை பார்க்கும் பஞ்சம்மாளிடம். “என்னைக்கு ஆள் வச்சு விரட்டப் போறாரோ.”

“ஆள் எதுக்கு? அந்த மூஞ்சி போதாதா?”

முருகம்மாளுக்கு வேறு போக்கிடம் இல்லை. வீட்டில் ஒட்டிய தீப்பெட்டிக் கூடுகளைக் காயவைக்க முள் இல்லாத, புழுதி கிளம்பாத, பொழுது சாயும்வரை வெயில் விழுகிற தரை அந்த ஓரம் ஒன்றுதான். போன வருசம், புருசன் படுக்கையில் விழுந்த புதிதில், ஒரே ஒரு பாயோடு வந்தாள். இப்போது மூன்று பாய்.

அன்றைக்குக் கோப்பைக்கான கடைசி ஆட்டம். விருதுநகர்க் கிளப் முதல் தடவையாக வந்திருந்தது. பலகையடித்து மூன்று படி வைத்துக் கட்டிய கேலரியில் உட்கார இடமில்லை.

ஆட்டம் தொடங்கப்போகிற நேரத்தில் விருதுநகர்க் கேப்டன் செல்லப்பாண்டி, கோல் கம்பத்திலிருந்து மேற்குக் கோடு வரை எண்ணி நடந்தான். திரும்பி வந்து மறு கம்பத்திலிருந்து கிழக்குக் கோடு வரை நடந்தான்.

“மேற்கே முப்பத்தஞ்சு காலடி. கிழக்கே இருபத்தாறு. இது என்ன கிரவுண்டு?”

நடுவரும் நடந்து பார்த்தார். அதே கணக்குத்தான் வந்தது.

கிழக்கோரம் ஓடுகிற தங்கள் ஆளை மடக்கத்தான் இந்த வேலை என்றார்கள் விருதுநகர்க்காரர்கள். சரிப்படுத்தாமல் ஆட மாட்டோம் என்றும் சொல்லிவிட்டார்கள். கேலரியில் ஆளாளுக்குச் சங்கையாவை ஏசத் தொடங்கினார்கள்.

கிளப் செயலாளர் சீனிச்சாமிக்கு முகம் செத்துவிட்டது. “அண்ணாச்சி, பிரஸ் வேலையில ஆயிரம் லேபிள் கட்டுல ஒண்ணு குறைஞ்சாக்கூட விரலை வச்சே சொல்லிருவீகளே. உங்க கையால இப்படி ஒரு கோடா?”

சங்கையா தலையைத் தூக்கவில்லை.

“எண்ணிக்கை பிசகிப்போச்சு,” என்றார்.

நல்லா வேணும் என்று முருகம்மாள் மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். சொல்லி முடிப்பதற்குள் சீனிச்சாமியின் குரல் கேட்டது.

“கிழக்குக் கோட்டை வெளியே தள்ளிப் போடுங்க. அந்தப் பாயை எல்லாம் அள்ளச் சொல்லுங்க.”

முருகம்மாள் பாய்களைப் பார்த்தாள். எட்டு குரோஸ் கூடு, ஆயிரத்துக்கும் மேலே. பசை இன்னும் காயவில்லை. அள்ளிக் குவித்தால் ஒன்றோடொன்று ஒட்டி அத்தனையும் பாழ். ராத்திரிக்குள் கொண்டுபோய்க் கொடுக்காவிட்டால் அடுத்த வாரத்துக்குக் கூடு ஒட்ட ஏஜெண்டு மரச்சீவல் தர மாட்டார். பாயின் நுனியைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

சங்கையா சுண்ணாம்புத் தகரத்தை எடுத்தார். கிழக்கே வரவில்லை. மேற்கே போனார். அங்கிருந்த கோட்டைக் காலால் அழித்தார். உள்பக்கமாக ஒன்பது காலடி எண்ணி வந்து, மைதானத்தின் நீளத்துக்கும் புதுக்கோடு போட்டார்.

“இப்ப ரெண்டு பக்கமும் இருபத்தாறு.”

செல்லப்பாண்டி நடந்து பார்த்தான். அவன் கண் ஒரு தடவை கிழக்கே, பாய்களின் மேல் போய் வந்தது.

“சரியா இருக்கு. ஆடலாம்,” என்றான்.

கிரவுண்டு கோழிக்கூடாகச் சுருங்கிவிட்டது என்று முணுமுணுத்துக்கொண்டே சீனிச்சாமி ஒதுங்கினார். நடுவர் விசில் ஊதினார்.

ஆட்டம் முழுக்கச் சங்கையா கிழக்கோரத்திலேயே நின்றார். பாய்ப் பக்கம் உருண்டு வந்த பந்து ஏழு. ஏழையும் காலால் தடுத்து உள்ளே தள்ளினார். திரும்பிப் பார்க்கவில்லை.

பொழுது இறங்கியது. கூடுகள் மொடமொடவென்று காய்ந்திருந்தன. முருகம்மாள் அத்தனையையும் கூடையில் அடுக்கினாள். தகரத்தைத் தூக்கிக்கொண்டு சங்கையா தூரத்தில் போய்க்கொண்டிருந்தார்.

“எண்ணத் தெரியாத மனுசனைப் போய்க் கோடு போட வச்சிருக்காகளே,” என்று சிரித்தாள் பஞ்சம்மாள்.

முருகம்மாள் கூடையைக் கீழே வைத்தாள். வெறும் பாய்களின் வெளி ஓரத்தில் போய் நின்றாள். அவர் வைக்கிறாற்போலவே காலை வீசி வைத்து, மூன்று பாயையும் கடந்து, கோடு வரை எண்ணிக்கொண்டே வந்தாள்.

ஒன்பது.

போகிறவரின் முதுகைப் பார்த்து அவள் கை தானாகக் குவிந்தது.

“அவுக எண்ணிக்கை ஒருநாளும் பிசகலடி,” என்றாள்.